சார்ஜர் திருடவில்லை

பொது இடத்துச் சார்ஜரில் போனைச் செருகினால் வங்கிக் கணக்கு காலியாகிவிடும் என்று இன்று படித்தவர்களும் நம்புகிறார்கள். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டிலேயே ‘ஜூஸ் ஜாக்கிங்’ என்ற பெயரில் அதற்குத் தனி இடம் உண்டு. 2023 ஏப்ரலில் அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் டென்வர் அலுவலகம் ட்விட்டரில் இதே எச்சரிக்கையை விடுத்தபோது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது.

இந்தப் பயம் பிறந்தது ஒரு ஹேக்கர் மாநாட்டில். 2011 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரத்து டெஃப்கான் மாநாட்டில் ஒரு குழு இலவசச் சார்ஜிங் மேடை ஒன்றை அமைத்தது. போனைச் செருகியவர்களுக்குத் திரையில் ஓர் எச்சரிக்கை தெரிந்தது: முன்பின் தெரியாத இடத்தில் இப்படிச் செருகாதீர்கள், உங்கள் தகவல் வெளியே போகலாம். யாருடைய தகவலையும் அவர்கள் எடுக்கவில்லை. வந்திருந்தவர்களுக்கு ஒரு பாடம் காட்டினார்கள், அவ்வளவுதான். பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் அதைப் பற்றி எழுதினார், பெயர் நிலைத்தது, பயம் கடல் தாண்டியது.

இப்படிப்பட்ட செய்திகளை ஆதரிப்பவர்களின் வாதத்தை நான் முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. கணினிப் பாதுகாப்பில் பொதுமக்களுக்கு அக்கறை இல்லை; நிறுவனங்களுக்கோ செலவு செய்ய மனமில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் டெஃப்கான், பிளாக் ஹாட் மேடைகளில் ஹேக்கர்கள் காரையும் ஏடிஎம்மையும் வாக்கு எந்திரத்தையும் உடைத்துக் காட்டுவதால்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. இன்று மேடையில் நடப்பது நாளை தெருவில் நடக்கும். ஊடகம் அதைக் கொஞ்சம் பெரிதாக்கினாலும் குற்றமில்லை. பத்துப் பேர் பயந்தால் அதில் இரண்டு பேராவது பாஸ்வேர்டை மாற்றுவார்கள். அலட்சியத்தைவிடப் பயம் மேல்.

பத்திரிகை ஆசிரியர்களிடம், காவல்துறை விழிப்புணர்வுக் கூட்டங்களில், கல்லூரிக் கருத்தரங்குகளில், எங்கு போனாலும் இதைத்தான் கேட்கிறோம். இதில் அநேகமாக ஒவ்வொரு படியும் தவறு என்பது என் வாதம்.

1. மேடையில் முடிவது தெருவில் நடந்துவிடுவதில்லை

சார்ஜருக்கே திரும்புவோம். 2019 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் பொதுச் சார்ஜர் மோசடி பற்றிப் பயணிகளை எச்சரித்தது. எத்தனை வழக்குகள் வந்தன என்று நிருபர்கள் கேட்டபோது, தங்களிடம் ஒன்றுகூட இல்லை என்று அந்த அலுவலகம் ஒப்புக்கொண்டது. டென்வர் எஃப்.பி.ஐ.யும் குறிப்பிட்ட சம்பவம் எதுவும் காரணமில்லை, வழக்கமான பொது அறிவுரைதான் என்றது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., இப்படி நடந்ததாக உறுதியான நிகழ்வு எதுவும் தன் கவனத்துக்கு வரவில்லை என்று தன் அறிவுரையிலேயே எழுதியது. ஒரு துறை இன்னொரு துறையைப் பார்த்து எச்சரித்தது, பத்திரிகைகள் இரண்டையும் பார்த்து எழுதின. பறிகொடுத்தவர் யார் என்ற இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

இதற்கிடையில் மாநாடு தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தது. 2013 பிளாக் ஹாட் மாநாட்டில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ‘மாக்டன்ஸ்’ என்று பெயரிட்ட போலிச் சார்ஜர் ஒன்றைக் காட்டினார்கள். அது ஐபோனில் மால்வேரை ஏற்றியது. அதே ஆண்டு வந்த ஐ.ஓ.எஸ். 7-இல், புதிய கணினியோடு இணைக்கும்போது இதை நம்பலாமா என்று போனே கேட்கும் ஏற்பாட்டை ஆப்பிள் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு போன்களும் கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டுமே ஏறும் என்ற நிலைக்குப் பின்னர் வந்தன. 2025-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் தடுப்பைச் சுற்றிப் போகவும் வழி உண்டு என்று காட்டினார்கள். அதற்கும் நிறுவனங்கள் திருத்தம் அனுப்பத் தொடங்கின. ஓட்டையைக் கண்டார்கள், சொன்னார்கள், அடைத்தார்கள். செய்தியில் முதல் பாதி மட்டும் வந்தது. முதல் ஓட்டை அடைபட்டுப் பத்து ஆண்டு ஆனபிறகும் 2023-இல் அதே பயம் புதுச் செய்தியாக விற்பனையானது.

2018 டெஃப்கானில் நடந்தது இதைவிட மோசம். ஃபுளோரிடா மாநிலத் தேர்தல் இணையதளத்தை 11 வயதுச் சிறுவன் பத்து நிமிடத்துக்குள் ஹேக் செய்து முடிவுகளை மாற்றிவிட்டான் என்று உலகெங்கும் தலைப்புகள் வந்தன. அவன் தொட்டது ஃபுளோரிடாவின் தளமே அல்ல. சிறுவர் பயிற்சிக்காக, தெரிந்தே ஓட்டைகள் வைத்து, பார்வைக்கு அதைப்போல அமைத்த ஒரு நகல். அப்படிப்பட்ட தளங்கள் தேர்தல் இரவில் அதிகாரபூர்வமற்ற முன்னிலை நிலவரத்தைக் காட்டுபவை. வாக்கு எண்ணிக்கை அவற்றில் நடப்பதில்லை. அமெரிக்க மாநிலச் செயலாளர்களின் தேசியச் சங்கம் இதை எடுத்துச் சொல்லி மறுத்தது. மறுப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர்? தேர்தல் மீதான நம்பிக்கை ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த ஒரு நாட்டில், மக்கள் மனத்தில் தங்கியது ‘ஒரு குழந்தையே மாற்றிவிட்டது’ என்பதுதான். இதை விழிப்புணர்வு என்று சொல்ல என்னால் முடியாது.

2. பயம் வந்தால் எச்சரிக்கை வரும் என்பதற்கு ஆதாரம் எங்கே?

உண்மையில் ஊரைக் கவிழ்த்த தாக்குதல்களை எடுத்துப் பாருங்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் மால்வேர் சுமார் 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் மருத்துவமனைகளை நிர்வகிக்கும் ‘டிரஸ்ட்’ அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் அவகாசம். அடிப்படைப் பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றியிருந்தாலே தடுத்திருக்கலாம் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை தந்தது.

2021 மே மாதம் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்த்தடம் மூடப்பட்டது. நிறுவனம் ஹேக்கர்களுக்கு 44 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுத்தது. உள்ளே வந்த வழி, பயன்பாட்டிலேயே இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு. அதற்குப் பாஸ்வேர்டு ஒன்றே காவல். இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. 2015 டிசம்பரில் உக்ரைனில் சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. ‘மின்கட்டமைப்பு மீதான தாக்குதல்’ என்று அச்சுறுத்தும் எல்லாக் கட்டுரைகளும் காட்டும் உதாரணம் அது. அதுவும் ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல் இணைப்பில்தான் தொடங்கியது.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து 95.1 கோடி டாலரை நகர்த்தத் திருடர்கள் உத்தரவுகள் அனுப்பினார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸில் மறைந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் திரும்பி வந்தது, ஏனென்றால் பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைப் பார்த்து இடையில் இருந்த வங்கி விளக்கம் கேட்டது. அந்த மத்திய வங்கியில் ஃபயர்வால் இல்லை, பத்து டாலர் விலையுள்ள பழைய ஸ்விட்சுகளை வைத்து நெட்வொர்க்கை ஓட்டினார்கள் என்று அந்நாட்டுப் புலனாய்வு அதிகாரி சொன்னார். 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக மூன்று போலிப் பரிமாற்றங்கள் துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் போயின. அது வெளிப்பட்டது மறுநாள் காலைக் கணக்குச் சரிபார்ப்பில்.

இந்தப் பட்டியலில் மேடை வித்தை எங்கே இருக்கிறது? போடாத திருத்தம், நீக்காத கணக்கு, திறந்துவிட்ட இணைப்பு. காத்தது எது? பெயரை நின்று படித்த ஒரு வங்கி ஊழியரின் கண், காலையில் கணக்கு ஒத்துப்பார்க்கும் பழக்கம். இவற்றைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினால் படிக்க ஆளில்லை என்கிறார்கள். படிக்க ஆளில்லை என்பதற்காகப் படிக்கத் தேவையற்றதை எழுதுவது எப்படி நியாயமாகும்? மக்களின் கவனம் ஓர் அளவுக்குட்பட்டது. பொது இடத்தில் சார்ஜ் போடப் பயந்து நாள் முழுக்கப் போனை அணைத்து வைக்கும் பெரியவர், அதே போனுக்கு வந்த மென்பொருள் திருத்தத்தை ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டிருப்பார். பயந்தார், பாதுகாப்பாக இல்லை.

3. மிகைப்படுத்தல் அலட்சியக்காரர்களுக்குத் தப்பிக்கும் வழி

என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். ஹேக்கரை மந்திரவாதியாகக் காட்டினால் அவனிடம் தோற்றவர் குற்றவாளியாகத் தெரியமாட்டார். ‘மிக நுட்பமான தாக்குதல்’ என்று ஓர் அறிக்கை விட்டால் போதும், கேள்விகள் நின்றுவிடும்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. நாட்டின் தலையாய மருத்துவமனையில் இரண்டு வாரத்துக்கு வெளிநோயாளர் சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை கையால் எழுதினார்கள். அந்த நாட்களில் வந்த செய்திகளைப் புரட்டினால் அந்நிய நாட்டுச் சதி, கோடிக்கணக்கில் பணயத்தொகை, பிரமுகர்களின் மருத்துவக் குறிப்புகள் என்றே இருக்கும். பிறகு நாடாளுமன்றத்தில் அரசு எழுத்துமூலம் பதில் தந்தது: ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல், காரணம் நெட்வொர்க் முறையாகப் பகுதி பிரிக்கப்படாதது. அதாவது ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவாமல் தடுக்கும் சுவரே அங்கு இல்லை. யார் கட்டாமல் விட்டார்கள், எத்தனை ஆண்டாக விட்டார்கள், மற்ற அரசு மருத்துவமனைகளில் அந்தச் சுவர் இருக்கிறதா என்பதெல்லாம் பதில் வேண்டிய கேள்விகள். சதிக் கதைக்குக் கிடைத்த பக்கங்களில் பத்தில் ஒன்றுகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

கூடங்குளத்தில் நடந்தது இதைவிடக் கற்கத் தக்கது. 2019 அக்டோபர் இறுதியில் அணுமின் நிலையத்தில் மால்வேர் புகுந்ததாகச் சமூக ஊடகத்தில் தகவல் பரவியது. அணு உலையை ஹேக் செய்துவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. அக்டோபர் 29 அன்று நிலையம் மறுத்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி நெட்வொர்க்கோடு தொடர்பற்றவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர் இருந்தது உண்மைதான், நிர்வாகப் பணிக்கான இணையத் தொடர்புள்ள நெட்வொர்க்கில் ஒரு கணினியில் இருந்தது, செப்டம்பர் 4 அன்றே நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் தந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது.

இரண்டு அறிக்கைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஊடகம் கேட்டது உலை வெடிக்குமா என்ற ஒரே கேள்வியை. அதற்கு ‘வெடிக்காது’ என்று உண்மையாகவே பதில் சொல்லிவிட முடிந்தது. பதில் வந்ததும் விஷயம் முடிந்துபோனது. கேட்டிருக்க வேண்டியவை வேறு. நிர்வாக நெட்வொர்க்கிலிருந்து என்ன தகவல் வெளியே போனது? செப்டம்பர் முதல் வாரத்தில் தெரிந்ததை அக்டோபர் கடைசி வரை ஏன் சொல்லவில்லை? முதல் நாள் மறுப்பை எழுதியவருக்கு உண்மை தெரியுமா, தெரியாதா? இடிந்தகரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் அந்த நிலையத்தின் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பதில்களைச் சொல்ல வேண்டிய கடமை அதற்கு உண்டு. மிகப்பெரிய பயத்தைக் கேள்வியாக வைத்ததால் சிறிய, நிஜமான, பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள் விழுந்துபோயின.

4. பயந்தவரிடம்தான் மோசடிக்காரன் வருகிறான்

‘அலட்சியத்தைவிடப் பயம் மேல்’ என்கிறவர்கள் டிஜிட்டல் அரெஸ்ட் மோசடி எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் ஆதாரைப் பயன்படுத்தி யாரோ போதைப்பொருள் பார்சல் அனுப்பியிருக்கிறார்கள் என்று போன் வரும். உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள், உங்கள் போனைக் கண்காணிக்கிறார்கள் என்பான். வீடியோவில் சீருடை தெரியும். யாரிடமும் பேசக்கூடாது, கேமராவை அணைக்கக்கூடாது என்ற கட்டளை வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். இதில் உடைக்கப்பட்ட மென்பொருள் எது? எதுவும் இல்லை.

அவர்கள் ஏன் நம்புகிறார்கள்? கண்ணுக்குத் தெரியாத ஒருவன் எங்கிருந்தோ எதையும் செய்துவிட முடியும் என்று பல ஆண்டுகளாகச் செய்திகள் அவர்களுக்குச் சொல்லி வந்திருக்கின்றன. நிலத்தை உழுதது ஊடகம், விதைப்பவன் மோசடிக்காரன். சைபர் நிதி மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 2023-இல் ரூ.7,465 கோடி, 2024-இல் ரூ.22,845 கோடி என்று மத்திய உள்துறை அமைச்சகம் மக்களவையில் தெரிவித்தது. ஓராண்டில் மூன்று மடங்கு. பயமுறுத்தல்தான் பாதுகாக்கும் என்றால், இத்தனை பயமுறுத்தலுக்குப் பிறகு இந்தத் தொகை குறைந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போனின் மறுமுனையில் பேசுகிறவன் எப்போதும் லாஸ் வேகாஸ் மேடையில் நிற்கும் மேதையைப் போன்றவன் அல்ல. வேலை தருவதாகச் சொன்ன முகவர்களால் மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் உள்ள மோசடி முகாம்களுக்குக் கடத்தப்பட்டு, அடித்து உட்காரவைக்கப்பட்ட இளைஞனாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டு இளைஞர்களும் அப்படிச் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். சைபர் குற்றம் என்றதும் முகமூடி அணிந்த ஹேக்கரின் படத்தைப் போடும் பத்திரிகை, அந்த முகவர்களையும் அந்த முகாம்களையும் வாசகர் கண்ணிலிருந்து மறைக்கிறது.

5. ‘கொஞ்சம்’ பெரிதாக்குவதற்கு எல்லை கிடையாது

2016 டிசம்பர் 30 அன்று ரஷ்ய ஹேக்கர்கள் வெர்மான்ட் மாநிலம் வழியாக அமெரிக்க மின்கட்டமைப்புக்குள் புகுந்துவிட்டதாக வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. மின்கட்டமைப்போடு இணைக்கப்படாத ஒரு மடிக்கணினியைப் பற்றிய செய்தி அது. பத்திரிகை பிறகு திருத்தக் குறிப்பு போட்டது. 2024 தொடக்கத்தில் 30 லட்சம் பல்துலக்கி எந்திரங்கள் சேர்ந்து ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை முடக்கியதாக ஒரு சுவிஸ் நாளிதழ் எழுத, உலகமே அதை எடுத்து வெளியிட்டது. தகவல் தந்த பாதுகாப்பு நிறுவனமான ஃபோர்ட்டினெட், அது கற்பனை உதாரணம் என்றது. நாளிதழோ, நடந்ததாகத்தான் சொன்னார்கள் என்றது. யார் சொல்வது சரியாக இருந்தாலும், நடக்காத ஒன்றை ஒருவரும் சரிபார்க்கவில்லை.

2018 அக்டோபரில் ப்ளூம்பெர்க், சீனா சூப்பர்மைக்ரோ நிறுவனத்தின் மதர்போர்டுகளில் உளவுச் சிப்பைப் பதித்ததாக அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. ஆப்பிள், அமேசான் இரண்டும் திட்டவட்டமாக மறுத்தன. சூப்பர்மைக்ரோவின் பங்கு ஒரே நாளில் சுமார் 40 சதவீதம் விழுந்தது. அந்தச் சிப்பை யாரும் பொதுவெளியில் காட்டவே இல்லை. 2019-இல் லாஸ் வேகாஸில் பாதுகாப்பு ஆய்வாளர்களே வழங்கும் ப்வ்னி விருதுகளில் ‘அளவுக்கு மீறி ஊதிப்பெருக்கப்பட்டது’ என்ற பிரிவில் அந்தக் கட்டுரைதான் தேர்வானது. மாநாட்டுக்காரர்களுக்கே பொறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் மாநாடுகளை மூடச் சொல்கிறாயா?

இல்லை. 2001-இல் டெஃப்கானில் பேசிய ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்ல்யாரவைக் கைது செய்ததும், 2005-இல் சிஸ்கோ கருவிகளின் ஓட்டையை விளக்கும் பக்கங்களை பிளாக் ஹாட் மாநாட்டு நூல்களிலிருந்து கிழித்து எடுத்ததும் வெட்கக்கேடுகள். ஓட்டையைக் கண்டவன் வாயை அடைத்தால் ஓட்டை அடைபடாது. 2015-இல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றைத் தொலைவிலிருந்து முடக்கிக் காட்டியதால்தான் 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தச் செய்தி நியாயமாகவே பெரிதானது: ஆபத்து யாருக்கு, எந்த வண்டிக்கு, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தன.

அதைவிட உயர்ந்த முன்மாதிரி 2008-இல் டான் கமின்ஸ்கி. இணைய முகவரி அமைப்பையே ஏமாற்ற இடந்தரும் குறையைக் கண்டார். மேடை ஏறவில்லை. முதலில் நிறுவனங்களை ரகசியமாக ஒன்றுகூட்டினார். ஜூலை 8 அன்று பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் திருத்தம் வெளியிட்டன. ஆகஸ்டில்தான் பிளாக் ஹாட்டில் முழு விவரம் சொன்னார். அந்த மாதங்களின் மிகப்பெரிய செய்தி, பேரழிவு ஒன்று நடக்காமல் போனது. அப்படிப்பட்ட செய்தியை எழுதத் தெரிந்த நிருபர்கள் நமக்கு வேண்டும்.

தமிழ்ப் பத்திரிகை, தொலைக்காட்சி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆகஸ்டில் லாஸ் வேகாஸிலிருந்து ஏஜென்சிச் செய்தி வரும்போது, வெளியிடும் முன் மூன்றைக் கேளுங்கள்: இந்த வழியில் யாராவது உண்மையில் பறிகொடுத்திருக்கிறார்களா? ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டதா? வாசகர் இன்று செய்ய வேண்டியது என்ன? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த இடத்தை வேறு எதற்காவது கொடுங்கள். எந்தச் சட்டத்திலும் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இல்லை என்று எழுதுங்கள். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால் அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு என்று எழுதுங்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் சர்வர்கள் கடைசியாக எப்போது தணிக்கை செய்யப்பட்டன என்று கேட்டு எழுதுங்கள்.